காய வழக்கு ஒன்றில் புகார்தாரராக இருந்த அனுபவம்

2022-ஆம் ஆண்டில், பொதுப் பாதையை அடைத்துச் சுவர் எழுப்புவது பற்றிய வாய்த்தகராறு ஒன்றில், பக்கத்து மனைக்காரர் முதலில் என்னை நோக்கிக் கட்டையை ஓங்கினார். நான் நகராமல் நிற்கவே, கட்டையைக் கீழே போட்டுவிட்டு இரு கைகளாலும் நெஞ்சில் தள்ளினார். அருகில் கொட்டிக் கிடந்த கற்களின் மேல் விழுந்ததில் என் இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் நடந்து முடிந்தன. அந்த ஒரு நிமிடத்தைச் சட்டம் மூன்று கூறாகப் பிரித்துப் பார்க்கிறது என்பதை வழக்கின் போக்கில்தான் தெரிந்துகொண்டேன்.

சம்பவம், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முந்தையது என்பதால் எனக்குப் பொருந்தியது 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமே. கட்டையை ஓங்கியது அதன் 351-ஆம் பிரிவில் வருகிறது. உடல்மேல் கை படவேண்டிய தேவை அங்கே இல்லை. இதோ அடிக்கப்போகிறான் என்ற அச்சத்தை எதிரில் நிற்பவருக்கு ஏற்படுத்தும் நோக்கத்துடனோ, ஏற்படும் என்று அறிந்தோ செய்யப்படும் சைகை அல்லது ஆயத்தம் போதும். வெறும் வார்த்தை போதாது, ஆனால் கூடவே சொன்ன வார்த்தை அந்தச் சைகைக்குப் பொருள் கொடுக்கலாம் என்று பிரிவின் விளக்கமே கூறுகிறது. தள்ளியது 350-ஆம் பிரிவின்படி குற்றமுறு வன்முறை. இவ்விரண்டுக்கும் 352-இன் கீழ் மூன்று மாதச் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம் அல்லது இரண்டுமே உச்ச தண்டனை. வலியோ நோயோ உடல் நலிவோ ஏற்பட்டால் அது காயம். 323-இன் கீழ் ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். எலும்பு முறிந்தால் கொடுங்காயம். 325-இன் கீழ் ஏழாண்டு வரை சிறையும் அபராதமும். தள்ளியவர் அதே ஆள்தான், தள்ளிய வேகமும் அதேதான். ஆனால் ஓராண்டுக்கும் ஏழாண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைத் தாண்டவைப்பது ஒரு எக்ஸ்ரே படம்.

ஆகவே இத்தகைய வழக்கின் முதல் ஆவணம் காவல் நிலையத்தில் அல்ல, மருத்துவமனையில்தான் எழுதப்படுகிறது. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மருத்துவர், எப்போது, எங்கே, யாரால், எதனால் என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார், ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதன் நகலைத்தான். உடன் வந்த உறவினர் ஒருவர், கட்டையால் அடித்ததாகவே சொல்லிவிடும்படி என் காதருகே வற்புறுத்தினார். ஆயுதம் வந்துவிட்டால் பிரிவு கடுமையாகும் என்பது அவர் கணக்கு. தெரிந்த நபர் ஒருவர் தள்ளியதால் கல்லின்மேல் விழுந்தேன் என்று நடந்ததையே சொன்னேன், அப்படியே பதிவாயிற்று.

மருத்துவமனையிலிருந்து தகவல் போனதும் காவலர் வந்து படுக்கையருகிலேயே வாக்குமூலம் வாங்கினார். முதல் தகவல் அறிக்கையில் 294(பி), 323, 506(1) ஆகிய பிரிவுகள் இருந்தன. 323 மட்டும் என்றால், நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை புலன் விசாரணை செய்ய முடியாது. ஆபாச வார்த்தைக்கான 294(பி)-யும் மிரட்டலுக்கான 506-உம் ஏறக்குறைய எல்லா அடிதடி வழக்கிலும் உடன் வருவதைப் பிறகு கவனித்தேன். பழக்கத்தால் எழுதப்படும் பிரிவுகள் நீதிமன்றத்தில் நிற்பது அரிது என்பது என் எண்ணம்.

மிகுந்த பொறுமை தேவைப்பட்டது காயச் சான்றிதழுக்குத்தான். எக்ஸ்ரே அறிக்கை வந்த பிறகே மருத்துவர் தம் கருத்தை எழுதுவார். அது வரும்வரை காவல் நிலையத்தில் கோப்பு நகராது. கொடுங்காயம் எவை என்று 320-ஆம் பிரிவு எட்டு வகைகளை வரையறுக்கிறது. ஏழாவது, எலும்போ பல்லோ முறிவது அல்லது இடம்பெயர்வது. முறிவு படத்தில் தெரிந்துவிட்டால் வேறு விவாதம் வேண்டியதில்லை. முறிவு இல்லாதவர்களின் பாடுதான் பெரிது. உயிருக்கு ஆபத்து நேர்ந்தது என்றோ, இருபது நாட்கள் கடும் வலியில் இருந்தது அல்லது அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமல் போனது என்றோ எட்டாவது வகையின்கீழ் மெய்ப்பிக்க வேண்டும். 2024-இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவு அதைப் பதினைந்து நாட்களாகக் குறைத்துள்ளது. சான்றிதழ் சேர்ந்ததும் ஆய்வாளர் வழக்கை 325-க்கு மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பினார், பின்னர் குற்றப்பத்திரிகையும் தாக்கலாயிற்று. ஓங்கிய கட்டைக்காக 352 ஏன் இல்லை என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். அதே நிகழ்வில் காயம் ஏற்பட்டுவிட்டால் ஓங்கியதைத் தனிக் குற்றமாக நடத்துவதில் பெரும் பயனில்லை என்றார்.

எதிர்த்தரப்பு கொடுத்த எதிர்ப்புகார் விசாரணையோடு முடிந்துபோனது. சமரசப் பேச்சும் இடையில் வந்தது. 323-ஐக் காயமடைந்தவரே சமரசம் செய்துகொள்ளலாம், 325-க்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பாதைப் பிரச்சினையையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்ததால் நான் உடன்படவில்லை.

சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணை முழுவதும் ஒரே இடத்தைச் சுற்றி வந்தது. எலும்பு முறிந்ததை யாரும் மறுக்கவில்லை. முறிக்கும் எண்ணம் இருந்ததா, முறியக்கூடும் என்றாவது அவருக்குத் தெரியுமா என்பதே கேள்வி. கொடுங்காயம் விளைந்தது மட்டும் போதாது, அதை விளைவிக்கும் எண்ணமோ அறிவோ இருந்திருக்க வேண்டும் என்கிறது 322-ஆம் பிரிவு. கீழே விழுந்தாலும் இப்படி முறிவு ஏற்படுமா என்ற வழக்கமான கேள்வியை மருத்துவரிடம் கேட்டார்கள், ஏற்படலாம் என்றார் அவர். விழுந்ததாகத்தான் நானே முதல் நாளிலிருந்து சொல்லிவந்தேன் என்பதால் அந்தப் பதில் எனக்குப் பாதகமாகவில்லை. கட்டையடி என்று பதிவாகியிருந்தால் என் சாட்சியம் முழுவதுமே அந்த இடத்தில் உடைந்திருக்கும்.

ஆபாச வார்த்தை, மிரட்டல் ஆகிய குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். தள்ளியதும் காயமும் மெய்ப்பிக்கப்பட்டன, கொடுங்காயத்துக்கான எண்ணம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறிய நடுவர், 325-க்குப் பதிலாக 323-இன் கீழ் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தார். பெரிய குற்றம் சாட்டப்பட்டவரை அதனுள் அடங்கிய சிறிய குற்றத்துக்குத் தண்டிக்க, இந்த வழக்குக்குப் பொருந்திய 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. நீதிமன்றம் கலையும் வரை சிறைத் தண்டனையும், அபராதம் விதிக்காமல், அதே நடைமுறைச் சட்டத்தின் 357(3)-இன் கீழ் எனக்கு இழப்பீடும் உத்தரவாயின. அபராதமாக விதித்திருந்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டியிருக்க முடியாது. புதிய தண்டனைச் சட்டத்தின் 115(2) அதைப் பத்தாயிரமாக உயர்த்தியிருக்கிறது. இழப்பீட்டுக்கு அந்த உச்சவரம்பு இல்லை என்பதால் மருத்துவச் செலவில் கணிசமான பகுதி திரும்பக் கிடைத்தது.

குறைந்த குற்றத்துக்குத் தண்டித்ததை எதிர்த்தும், இழப்பீடு போதாது என்றும் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யும் உரிமை அந்த நடைமுறைச் சட்டத்தின் 372-ஆம் பிரிவில் இருக்கிறது. தண்டனை குறைவு என்பதற்காக மட்டும் அவர் அப்படிச் செல்ல முடியாது. தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிப் படித்தபின் நான் மேல்முறையீடு செய்யவில்லை. எலும்பு முறியும் என்று எண்ணித்தான் அவர் தள்ளினார் என்று சத்தியம் செய்து சொல்ல என்னாலும் முடிந்திருக்காது.