7 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரில் ஆடியோ இரைச்சலை அடக்கிய அனுபவம்

40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) அமெச்சூர் வானொலி அலைவரிசையைக் கேட்பதற்காக நான் வீட்டில் கட்டிய டைரக்ட் கன்வர்ஷன் ரிசீவரில் (வானொலிச் சிக்னலை நேரடியாக ஆடியோவாக மாற்றும் வகை) அந்த மாற்றத்தைச் செய்யும் என்இ602 மிக்ஸர், ஒரு டிரான்சிஸ்டர் பிரீஆம்ப் (முன்பெருக்கி), ஸ்பீக்கரை இயக்க எல்எம்386 ஐசி ஆகியவை உள்ளன. இவ்வகை ரிசீவரில் சிக்னலை இடைநிலை அதிர்வெண்ணில் பெருக்கும் ஐஎஃப் கட்டம் இல்லாததால், ஆன்டெனாவில் வரும் மைக்ரோவோல்ட் அளவுச் சிக்னலைக் காதுக்கு எட்டச் செய்யும் பொறுப்பு பெரும்பாலும் ஆடியோ பகுதியின் மேல் விழுகிறது. அத்தனை பெருக்கம் நடக்கும் இடத்தில், சப்ளையில் உள்ள சிறு குறைகூட உரக்கக் கேட்கும்.

முதலில் ஆன் செய்தபோது கனத்த ஹம் (தொடர்ந்த ரீங்காரம்) கேட்டது. வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பினால் மோட்டார் படகு போல 'டப் டப்' என்ற துடிப்பும் சேர்ந்தது. வால்யூமை முழுவதும் குறைத்தால் இரண்டும் நின்றன. எனவே எல்எம்386 மட்டுமே காரணமல்ல என்பது தெரிந்தது. ஐசியை மாற்றுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

அடாப்டரைக் கழற்றி 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டியதும் ஹம் பெருமளவு குறைந்தது. அடாப்டரில் ஏசியை டிசியாக மாற்றும் ஃபுல்வேவ் ரெக்டிஃபையரிலிருந்து வரும் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள்தான் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) அது. 2200 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரும் வோல்டேஜை 9 வோல்ட்டில் நிலைநிறுத்தும் 7809 ரெகுலேட்டரும் அதைத் தீர்த்தன. மிஞ்சிய மெல்லிய ஹம், வால்யூம் கன்ட்ரோலுக்குச் செல்லும் ஒயரின் அருகே கையைக் கொண்டுபோனால் கூடியது. வீட்டு மின்கம்பிகளிலிருந்து அந்த ஒயர் வாங்கிக்கொண்ட 50 ஹெர்ட்ஸ்தான் அந்த ஹம். உலோக உறை சுற்றிய ஷீல்டு ஒயரைப் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்ததும் அடங்கியது.

துடிப்புதான் பொறுமையைச் சோதித்தது. பேட்டரியில் அது குறையவில்லை, பேட்டரி பழையதாக ஆக இன்னும் கூடியது; உண்மையில் அதுவே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. ஸ்பீக்கருக்காக எல்எம்386 மின்னோட்டத்தை இழுக்கும்போதெல்லாம், பேட்டரியின் உள்மின்தடையால் சப்ளை வோல்டேஜ் இறங்குகிறது; அதே சப்ளையில் இருக்கும் பிரீஆம்ப் அந்த இறக்கத்தையும் சிக்னலாக எடுத்துப் பெருக்கி, மீண்டும் எல்எம்386க்கே அனுப்புகிறது. அந்த இறக்கம் பிரீஆம்பை எட்டாதிருக்க, அதன் சப்ளை வழியில் 100 ஓம் ரெசிஸ்டரையும், அங்கிருந்து கிரவுண்டுக்கு 470 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரையும் வைத்தேன். எல்எம்386இன் சப்ளைக்கான 6ஆம் பின்னை ஒட்டி 220 மைக்ரோஃபேரட்டும் 0.1 மைக்ரோஃபேரட்டும், 7ஆம் பின்னில் 10 மைக்ரோஃபேரட்டும் சேர்ந்தன. ஸ்பீக்கரின் கிரவுண்ட் ஒயர் பிரீஆம்பின் கிரவுண்ட் வழியாகவே திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து நேராக சப்ளையின் நெகட்டிவில் சால்டர் செய்ததும் துடிப்பு முழுவதும் நின்றது.

உரத்த ஒலியில் கேட்ட கரகரப்பு, எல்எம்386இன் வெளியீடான 5ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 ஓமும் 47 நானோஃபேரட்டும் தொடராக வைத்தபோது போனது. 1, 8 பின்களுக்கு இடையிலுள்ள கெப்பாசிட்டரை எடுத்தால் பெருக்கம் 200 மடங்கிலிருந்து 20 ஆகிறது, 'ஸ்ஸ்' இரைச்சலும் தணிகிறது. தேவையான பெருக்கத்தை இரைச்சல் குறைந்த பிரீஆம்பிலேயே பெறுவதுதான் முறையானது என்று நான் கருதுகிறேன்.

இப்போது ஆன்டெனாவைக் கழற்றினால் மெல்லிய இரைச்சல் மட்டுமே கேட்கிறது. மாட்டியதும் அலைவரிசையின் இரைச்சல் அதை மூழ்கடித்துவிடுகிறது. ஒரு ரிசீவரின் ஆடியோ பகுதியிடம் இதற்கு மேல் அமைதியைக் கேட்கத் தேவையில்லை.