காசே வாங்காத கேமுக்கும் சான்றிதழா?

வீடியோ கேமுக்கு வயதுச் சான்று தேவைதான். பத்து வயதுப் பிள்ளை என்ன ஆடுகிறது என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டாமா? ஆனால் அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

2019 பிப்ரவரியில் தென் கொரியாவில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் ஃபிளாஷ் என்ற மென்பொருளில் சின்னச் சின்ன கேம்கள் செய்து ஒரு தளத்தில் போடுவார்கள், மற்ற பிள்ளைகள் ஆடிப் பார்த்து இது நல்லா இருக்கு, இது ஓடவே இல்லை என்று சொல்வார்கள், ஒரு பைசா கைமாறாது. அப்படிப்பட்ட தளங்களுக்குத்தான், சான்று பெறாத கேம்களை எடுத்துவிடுங்கள் என்று அரசின் தணிக்கைக் குழுவிடமிருந்து உத்தரவு போனது. சட்டமும் அதைத்தான் சொன்னது. விற்றாலும் சும்மா கொடுத்தாலும் சான்று வேண்டும், அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும்.

இத்தனை கெடுபிடிக்குப் பின்னால் 2006இல் வெடித்த 'கடல் கதை' விவகாரம் இருக்கிறது. அது கேம் என்ற பெயரில் ஊரெல்லாம் பரவிய சூதாட்ட இயந்திரம். அதன் பிறகுதான் அந்தக் குழுவின் முன்னோடி அமைப்பே வந்தது. சூதாட்ட முதலாளியைப் பிடிக்க விரித்த வலையில் பதின்மூன்று வருடம் கழித்து வீட்டுக் கணினியில் கேம் செய்த பையன் சிக்கினான். மக்கள் கொதித்த பிறகு, லாப நோக்கமில்லாத கேம்களுக்கு அதே ஆண்டில் விலக்கு கொடுத்தார்கள். சரி, ஆனால் முதல் கேமைப் போட்ட வாரத்திலேயே அது காணாமல் போனால் அந்தப் பிள்ளை அடுத்ததைச் செய்யுமா?

கட்டணம் மட்டுமே பிரச்சினை இல்லை. கனடாவில் ஒரே ஆள் உருவாக்கிய 'பலாட்ரோ'வில் நிஜப் பணத்தைப் பந்தயம் கட்டவே வழி கிடையாது, போக்கர் சீட்டும் கணக்கும்தான். அதற்கு ஐரோப்பாவில் கேம்களுக்கு வயதுச் சான்று தரும் பெகி அமைப்பு 18 வயது என்று முத்திரை குத்தியது. காசு கொடுத்து அதிர்ஷ்டத்தில் வீரர்களை எடுக்கும் பெரிய நிறுவனத்தின் கால்பந்து கேமுக்கு 3! மேல்முறையீடு செய்து 2025 பிப்ரவரியில்தான் பலாட்ரோவின் 18 குறைந்து 12 ஆனது. அதுவும் நன்றாக விற்ற கேம், பின்னால் நிற்க ஒரு பதிப்பாளர் இருந்தார்.

நம் ஊரில் பிளே ஸ்டோரில் கேம் போடுகிறவர்கள் ஒரு கேள்வித்தாளை நிரப்பினால் போதும், சான்று இலவசமாகவே வந்துவிடுகிறது. அது நல்ல ஏற்பாடு. அதில் தப்பான வயது விழுந்தால் தனி ஆளும் எளிதாக முறையிட ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.