துண்டுப்பிரசுரமும் லீவுக் கடிதமும்

இலங்கையின் 2024 ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் தொழிற்சங்கம் ஒரு வேட்பாளருக்காக இறங்கி வேலை செய்தது. நானும் செய்தேன். கொழும்பு புறக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் துணிக்கடை பூட்டியதும் நேரே கோட்டை ரயில் நிலைய வாசலுக்குப் போய், ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரத்தோடு நிற்பேன். வேட்பாளரின் படம் மேலே, எங்கள் சங்கத்தின் பெயர் கீழே. ரயிலுக்கு ஓடுகிறவர்கள் வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைப்பார்கள். பெண்கள் பெரும்பாலும் நின்று வாசித்துவிட்டுத்தான் போவார்கள். செப்டம்பர் 18 நள்ளிரவோடு பிரசாரம் முடிய வேண்டும் என்பதால் கடைசி வாரம் மழையிலும் நின்றோம்.

அந்த வேட்பாளர்மேல் எனக்கு மனக்குறை இல்லை. சங்கம் அவரைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் இன்றுவரை ஆறாத ஒன்று இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் நடந்த கிளைக் கூட்டத்துக்கு நாங்கள் போனபோதே பிரசுரம் அச்சாகி மேசையில் இருந்தது. "அண்ணே, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன். "மேல பேசி முடிச்சாச்சு தம்பி, நம்ம கோரிக்கைய ஏத்துக்கிட்டாங்க" என்றார் செயலாளர். அவர் நல்ல மனிதர். எனக்காக முதலாளியோடு இரண்டு தடவை வாதாடியவர். அதனால் அன்று மேற்கொண்டு பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. எங்கள் அம்மாயி கொழுந்து எடுத்தவள், மாதம் தவறாமல் சங்கத்துக்குச் சந்தா கட்டியவள். 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த வருடம் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான எங்கள் சனத்தின் வாக்கைப் பிடுங்கிவிட்டன. 1982இல் இந்த நாட்டின் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசில் அமைச்சர். அவருடைய சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஜே.ஆர். பக்கம் நின்றது. தோட்டம் தோட்டமாகக் கூட்டம் போட்டார்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பேருக்கு வாக்கே கிடையாது. அம்மாயிக்கும் கிடையாது. நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்து 1988இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் அவள் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறியது. அப்படிக் கிடைத்த வாக்கு இது. அதை யாருக்குப் போட வேண்டும் என்று சொல்ல வருகிற சங்கம், அதற்கு முன் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

2024இலும் தோட்டங்கள் இருக்கும் மலையகத்தில் சங்கங்கள் ஆளுக்கொரு பக்கம். காங்கிரஸ் அப்போதைய ஜனாதிபதி ரணிலுக்கு, திகாம்பரத்தின் தொழிலாளர் தேசிய சங்கம் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் சஜித்துக்கு. மே தினத்தன்று கொட்டகலை மேடையில் தோட்டத் தொழிலாளிக்கு 1,700 ரூபா நாட்சம்பளம் என்று ரணில் அறிவித்தார். தோட்டக் கம்பனிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. கடைசியில் தேர்தல் நெருங்கும்போது அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று வந்து நின்றது. அம்மா போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கைக்கு எப்ப வரும்?"

ஆனால் பிரசாரம் நடந்த அந்த நாட்களில் எங்கள் சங்கம் செய்த ஒரு வேலையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. கெய்சர் வீதி, மெயின் வீதிக் கடைகளில் நிற்கும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு வாக்கு ஊரில்தான். வாக்களிக்கப் போக முதலாளி சம்பளம் வெட்டாமல் லீவு தர வேண்டும். 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 100 வரைக்கும் ஒரு நாள், 150 வரைக்கும் ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். எழுதிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அது பல பேருக்குத் தெரியாது. சனிக்கிழமை தேர்தல், சனிக்கிழமை புறக்கோட்டையில் வியாபாரம் சூடு பிடிக்கும் நாள். கேட்கவே பயப்பட்டார்கள்.

நாங்கள் நாலு பேர் சாப்பாட்டு நேரத்தில் கடை கடையாகப் போய்க் கடிதம் எழுதிக் கொடுத்தோம். பெயர், ஊர், எத்தனை கிலோமீற்றர், கீழே கையெழுத்து. பதுளைப் பையன் ஒருவன், பத்தொன்பது வயது, முதல் வாக்கு. துணி அளக்கும் மேசையில் கடிதத்தை வைத்து, அழுத்தி அழுத்திக் கையெழுத்துப் போட்டான். பேனா அடுத்த தாளிலும் பதிந்திருந்தது. அவனுடைய முதலாளி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, இரண்டு தடவை வாசித்து, "ரெண்டு நாளா?" என்றார். "பதுளை 150க்கு மேல முதலாளி" என்றேன். சரி என்று தலையாட்டினார். அந்தக் கடிதத்தில் எந்த வேட்பாளரின் பெயரும் இல்லை.

இந்த மாதம் கிளைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த தடவை யாரை ஆதரிப்பது என்று முடிவெடுக்கும் முன் ஒவ்வொரு கிளையிலும் அங்கத்தவர்களிடம் இரகசிய வாக்கெடுப்பு. செயலாளர் அண்ணன் வாங்கி வாசித்து, தானும் முன்மொழிவதாகச் சொன்னார்.

தேர்தலுக்கு அடுத்த திங்கள் விடுமுறை. செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும் பதுளைப் பையன் வாசலுக்கே வந்து இடது கைச் சின்னி விரலை நீட்டிக் காட்டினான். மை நகக்கண் வரைக்கும் இறங்கியிருந்தது. யாருக்குப் போட்டான் என்று நான் கேட்கவில்லை.