பர்த்தகாஸ் சோர்ட்ஸ்: ஒரு சிறிய கியூபச் சுருட்டு
கோடா எனும் பதப்படுத்தும் திரவம் ஊறிய யாழ்ப்பாணச் சுருட்டின் இனிப்புக்கும் காரத்துக்கும் பழகிய நாவுக்கு, கியூபாவின் பர்த்தகாஸ் சோர்ட்ஸ் முற்றிலும் வேறொரு புகையிலையைக் காட்டுகிறது. 110 மில்லிமீற்றர் நீளமும் 42 வளைய அளவும், அதாவது ஏறத்தாழ 16.7 மில்லிமீற்றர் விட்டமும், கொண்ட இச்சிறு சுருட்டில், பற்றவைத்தவுடனேயே மிளகின் உறைப்பு எழுகிறது; அது அடங்கியபின் ஈரமண் வாசனையும், பால் விடாத கோப்பியின் கசப்பும், பாதியைத் தாண்டும்போது பதனிட்ட தோலின் கனத்த மணமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. இழுவை சற்று இறுக்கம். ஆயினும் சாம்பல் உறுதியாக நின்றது. அவசரமாக இழுத்தால் புகை சூடேறி இந்த நுட்பங்கள் யாவும் மறைந்துவிடும் என்பதால், நிமிடத்துக்கு ஒருமுறை இழுப்பதே போதும். நீளமான சுருட்டுகளைவிட இந்தச் செறிவையே நான் உயர்வாக மதிப்பிடுகிறேன். இறுதிப் பகுதியின் வீரியம் வெறும் வயிற்றுக்கு ஏற்றதல்ல. மதியச் சோற்றுக்குப் பின்னரே இதைப் பற்றவைக்கலாம்.