படுக்கையில் சேர்ந்தால்தான் பணமா?

அரசு மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், மருத்துவர்கள் அதை விரும்புவதில்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். வட சென்னையில் பொது மருத்துவராகப் பணியாற்றும் நான் அப்படிக் கருதவில்லை; நான் அறிந்த மருத்துவர்களில் பெரும்பாலோரும் அப்படிக் கருதவில்லை. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018-இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்து, இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பளிக்கும் இந்த ஏற்பாட்டால், தாலியை அடகு வைக்காமல் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவர்களை நாங்கள் கண்ணாரக் கண்டிருக்கிறோம். எங்கள் மனக்குறை, அந்தப் பணம் எதற்குத் தரப்படுகிறது என்பதில் இருக்கிறது.

காசிமேட்டில் மீன் கூடை சுமக்கும் ஒருவர், பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர், இடது பெருவிரலுக்கு அடியில் நாணயம் அளவுள்ள புண்ணோடு என்னிடம் வந்தார். ஐஸ் தண்ணீரில் நாள் முழுதும் நிற்கும் கால், குத்தினால்கூட உணர்ச்சியில்லை. உடன் வந்த மகன் பிளாஸ்டிக் உறையிலிருந்து காப்பீட்டு அட்டையை எடுத்து நீட்டி, "இந்தக் கார்டுல பார்த்துக்கலாமா சார்?" என்று கேட்டார். முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுதல், பாதத்தில் அழுத்தம் குறைக்கும் செருப்பு என்று அந்த விரலைக் காப்பாற்றத் தேவையானவை எல்லாம் காப்பீட்டில் வராத புறநோயாளிச் செலவுகள். புண் எலும்பைத் தொட்டு, விரலையே எடுக்க வேண்டிய நிலை வந்து அவர் உள்நோயாளியாகச் சேர்ந்தால் மட்டும், காப்பீட்டின் முன் அனுமதியும், அந்தச் சிகிச்சைக்கென மொத்தமாக நிர்ணயித்த பேக்கேஜ் தொகையும் உண்டு. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

அறுவை சிகிச்சை நிபுணர்களின் வருத்தம் வேறு. ஒரு சிகிச்சைக்கு ஒரே தொகை என்று வைத்துவிட்டால், வேறு நோயில்லாத இளைஞரின் பித்தப்பையும், சிறுநீரகம் பழுதான 70 வயது முதியவரின் பித்தப்பையும் கணக்கில் ஒன்றாகிவிடுகின்றன. நூற்றுக்கணக்கான படுக்கைகள் கொண்ட பெரிய மருத்துவமனை இதைச் சமாளித்துவிடும். இருபது படுக்கை நர்சிங் ஹோமால் முடியாது, அதிலும் காப்பீட்டிலிருந்து வர வேண்டிய கிளைம் தொகை தாமதமானால் செவிலியர் சம்பளமே இழுபறியாகும். அரசு மருத்துவமனைகளுக்கும் காப்பீட்டிலிருந்து பணம் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் அறுவை சிகிச்சைத் துறைகள் கிளைம் மூலம் ஈட்டும் அளவுக்குப் பொது மருத்துவமும் மனநலமும் ஈட்ட வழியில்லை.

இந்தக் குறைகளைத் தீர்க்கப் பணம் தரும் முறையையே மாற்ற வேண்டும். ஆனால் கட்டணச் சீர்திருத்தம் என்றாலே செலவைக் குறைக்கும் சூழ்ச்சி என்று என் சக மருத்துவர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்தால், தேவையான பரிசோதனையைக்கூடத் தவிர்க்கும் ஆசை வரும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகக் கொடுத்தால் தேவையற்றவை பெருகும். ஆகவே தொகையோடு கண்காணிப்பும் வேண்டும்: சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, ஆண்டுக்கொரு முறை பாதமும் கண்ணும் பார்க்கப்பட்டனவா என்று.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்க முடியும் என்று காட்டிவிட்டது. அது காப்பீட்டுக்கு வெளியே நடக்கிறது. அதே அட்டையில் சர்க்கரை நோயாளிகளின் புறநோயாளிச் சிகிச்சைக்கு ஓர் ஆண்டுத் தொகையைச் சேர்த்து, முதலில் வட சென்னையின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், விருப்பமுள்ள சிறு கிளினிக்குகளிலும் நடத்திப் பார்க்கலாம். அந்தத் தொகையை நிர்ணயிக்கும் குழுவில் கட்டு மாற்றும் செவிலியரும், தினமும் புறநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவரும் இடம்பெற வேண்டும்.