தூராவின் சமபூமியில் மல்லாட்டை

கார் கண்ணாடியை இறக்கியதும் முதலில் வந்தது வாசனைதான். பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடி வெயிலில் காயும்போது பச்சையும் மண்ணும் கலந்து ஒரு வாசனை வருமே, அதேதான். விழுப்புரம் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்போம்; அங்கே பிறந்த எனக்கு அது தை, மாசி மாதத்து வாசனை. இங்கே செப்டம்பர் கடைசி. இடம், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்னும் சிற்றூர்.

அட்லாண்டாவிலிருந்து தெற்கே இரண்டரை மணி நேரம். ஓட்டி வந்தவன் என் தங்கை மகன். "மாமா, அட்லாண்டாவுல அவ்வளவு பெரிய அக்வேரியம் இருக்கு, கோக் மியூசியம் இருக்கு. நீங்க கடலைக்காட்டைப் பார்க்கணும்னு கிளம்பிட்டீங்களே" என்று வழியெல்லாம் புலம்பினான். அவன் 'கடலை' என்றதே எனக்குப் பாதி வருத்தம். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டை ஆகி, அதுவும் தேய்ந்து மல்லாட்டை ஆன கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டான்.

ஊர் என்று பார்த்தால் ஒரே ஒரு கடைத்தெரு. தோளோடு தோள் ஒட்டிய செங்கல் கடைகள், எதிரே தண்டவாளம், பக்கத்தில் 1888-இல் கட்டிய மர ரயில் நிலையம். மக்கள்தொகை அறுநூறைத் தொடவில்லை. அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டர் பிறந்து வளர்ந்ததால் உலகம் இந்த ஊரைத் தெரிந்துகொண்டது. அவரும் மனைவி ரோசலினும் கடைசிவரை இங்கேதான் வாழ்ந்தார்கள், இங்கேயே அடக்கமாகியும் இருக்கிறார்கள். ஊரில் 13 அடி உயரத்துக்கு ஒரு மல்லாட்டைச் சிலை பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. 1976 தேர்தல் பிரசாரத்துக்காகச் செய்ததாம். சுமாராகத்தான் இருந்தது. மருமகன் மட்டும் நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

நான் வந்தது கார்ட்டருக்கு முந்தைய ஊரைத் தேடி. அது இந்த இடத்திலேயே இல்லை.

பழைய ஊரின் பெயர் பிளெயின்ஸ் ஆஃப் தூரா. பைபிளில் தானியேல் ஆகமத்தில் வருகிற இடம். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் அறுபது முழ உயரப் பொற்சிலையை நிறுத்தினானே, அந்த 'தூரா என்னும் சமபூமி'. சிலையை வணங்க மறுத்த சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரையும் அக்கினிச் சூளையில் போட்ட கதை இது. மேடு பள்ளமில்லாத இந்த நிலத்தைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தவர் வேதத்தை நன்றாகப் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பெயருக்குப் பின்னால் இருக்கும் சூளையை யோசித்தாரா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஏனென்றால் இது சும்மா கிடந்த நிலம் இல்லை. மஸ்கோகி கிரீக் என்ற பூர்வகுடி மக்களுடையது. 1825-இல் வில்லியம் மெக்கின்டாஷ் என்ற கிரீக் தலைவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு நிலத்தை எழுதிக்கொடுத்தார். கிரீக் மன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்து நிறைவேற்றியது. அடுத்த ஆண்டே வாஷிங்டனில் வேறொரு ஒப்பந்தம் போட்டு, ஃபிளின்ட் ஆற்றுக்கு மேற்கே உள்ள இந்தப் பகுதி கைமாறியது. 1827-இல் ஜார்ஜியா அரசு அதை 202½ ஏக்கர் துண்டுகளாக அளந்து குலுக்கல் போட்டது. நிஜமாகவே குலுக்கல்தான். பெயர்ச்சீட்டை உருளையில் போட்டுச் சுற்றி எடுத்தார்கள். சீட்டில் பெயர் எழுத வெள்ளையர்களுக்கு மட்டுமே உரிமை. நம் ஊரில் ஏலச்சீட்டில் பாத்திரம் விழுந்தாலே ஒரு வாரம் பேசுவார்கள். அங்கே விழுந்தது 202½ ஏக்கர்.

அப்புறம் வந்தது பருத்தி, பருத்தியோடு அடிமைகள். 1860-இல் இந்த சம்டர் மாவட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் அடிமைகள்.

ஊர் இடம் மாறிய கதை உள்நாட்டுப் போருக்கெல்லாம் பிறகு, 1880-களில் நடந்தது. பத்து மைல் தள்ளி அமெரிக்கஸ் என்று ஒரு நகரம். அந்த ஊர் சாமுவேல் ஹாக்கின்ஸ் முன்னின்று மேற்கே ஒரு ரயில் பாதை போட்டார். பாதை தூராவைத் தொடாமல் தெற்கே தள்ளிப் போய்விட்டது. பருத்திப் பொதியைக் கோவேறு கழுதை வண்டியில் ஏற்றிச் செம்மண் சகதியில் இழுத்துப் பழகியவர்களுக்கு ரயில் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரே எழுந்து தண்டவாளத்தை நோக்கி நகர்ந்தது. பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே போனதும் பூக்கடை முதல் பரோட்டாக் கடை வரை பின்னாலேயே போவதைப் பார்த்தவர்கள்தானே நாம்? போகிற வழியில் பெயரும் உதிர்ந்தது. தூரா போய் பிளெயின்ஸ் மட்டும் மிஞ்சியது. 1896-இல் அந்தப் பெயரிலேயே முறைப்படி நகராட்சியாகவும் ஆனது. சமபூமி இருக்கிறது, பாபிலோன் இல்லை.

பழைய தூரா இருந்த திசையில் வடக்கே கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தோம். இரண்டு பக்கமும் வயல், நடுவில் சாலை. காரை நிறுத்தி இறங்கிய இரண்டாவது நிமிடம் எங்கிருந்தோ ஒரு நாய் குரைத்துக்கொண்டு ஓடி வந்தது. வரலாற்று ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

சரி, பருத்தி ஊர் எப்படி மல்லாட்டை ஊரானது? காரணம் காய்வண்டு, பருத்திக் காயைத் துளைக்கும் பூச்சி. மெக்சிகோ வழியாக வந்த அந்த வண்டு 1915 வாக்கில் ஜார்ஜியாவுக்குள் நுழைந்தது. 1914-இல் 52 லட்சம் ஏக்கராக இருந்த மாநிலத்தின் பருத்திப் பரப்பு, 1923-இல் 26 லட்சமாகச் சுருங்கிவிட்டது. வண்டு தொடாத பயிரைத் தேடியவர்கள் கையில் மல்லாட்டை கிடைத்தது. இன்று அமெரிக்காவின் விளைச்சலில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே மாநிலத்தில்.

ஊருக்கு மேற்கே இரண்டு மூன்று மைலில் ஆர்ச்சரி. கார்ட்டரின் அப்பா ஏர்ல் 1928-இல் வாங்கிய பண்ணை அங்கே இருக்கிறது. இந்தப் பயணத்தில் நான் அதிக நேரம் நின்றது இங்கேதான். வீடு, காற்றாலை, கொல்லன் பட்டறை, பண்ணைக் கடை எல்லாம் அந்தக் காலத்தில் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள். குழாய்த் தண்ணீர் 1935-இல், மின்சாரம் 1938-இல். கடை முன்னால் நிற்கும்போது எனக்கு என் அப்பாவின் பழைய பண்ணைக் கதைகள் நினைவுக்கு வந்தன. இங்கே கறுப்பினக் குடும்பங்கள் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்குக்கு, உழுவார்கள். உப்பு, மாவு, துணி எல்லாம் இந்தக் கடையில் பற்று. அறுவடையில் கணக்குப் பார்த்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை, சில வருடம் கடன் மட்டும். ஜாக், ரேச்சல் கிளார்க் தம்பதி வாழ்ந்த சின்ன வீடும் அங்கேயே நிற்கிறது. விடியும் முன்பே மணி அடித்து எல்லாரையும் எழுப்புவது ஜாக்கின் வேலை. சிறுவன் கார்ட்டர் அவர்கள் வீட்டிலேயே பாதி வளர்ந்தவர். ஆனால் ஆர்ச்சரியில் அன்று பெரிய மனிதர் என்றால் ஏர்ல் இல்லை. ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபையின் பேராயர் வில்லியம் டெக்கர் ஜான்சன், கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர்.

கார்ட்டரின் அம்மா லில்லியன் செவிலியர். 68 வயதில் பீஸ் கோர் என்ற அமெரிக்க அரசின் சேவை அமைப்பின் தொண்டராக இந்தியாவுக்கு வந்து மும்பையின் விக்ரோலியில் வேலை பார்த்தவர். மருமகனிடம் சொன்னேன். முதன்முறையாகப் பாட்டை நிறுத்திக் கேட்டான்.

வயலோரம் இறங்கி ஒரு செடியைப் பார்த்தேன். இங்கே இயந்திரம் தோண்டிச் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போகிறது, காய் மேலே பார்த்துக் காய்கிறது. அந்தக் காலத்தில் கம்பு நட்டு அதைச் சுற்றிப் போராக அடுக்குவார்களாம். இங்கேயும் பூ பூத்து விழுது மண்ணுக்குள் இறங்கித்தான் காய்க்கிறது, இங்கேயும் பொக்கு இருக்கிறது.

திரும்பும் வழியில் கடைத்தெருவில் அவித்த மல்லாட்டை விற்றார்கள். அமெரிக்கர்கள் வறுத்துத்தான் தின்பார்கள் என்று நினைத்திருந்தேன். தெற்கத்திக்காரர்கள் நம்மைப் போலவே பச்சைக்காயைத் தோலோடு உப்புப் போட்டு அவிக்கிறார்கள். கார்ட்டருக்கு ஐந்து வயதில் முதல் வியாபாரமே இதுதான். தானே பிடுங்கி, அவித்துப் பொட்டலம் கட்டி, இதே தெருவில் விற்றிருக்கிறார். கல்லாவில் இருந்த அம்மா என்னையும் 'ஹனி' என்றார், எனக்குப் பின்னால் நின்ற எண்பது வயதுக்காரரையும் 'ஹனி' என்றார். "முன்னாடி சாப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் பொழுது சாய்ந்தால் இதுதான் என்றேன். நம்பாமல் பார்த்தார். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கி, உள்ளே இருந்த உப்புத் தண்ணீரை உறிஞ்சிவிட்டுக் கொட்டையை எடுத்ததும் சிரித்துவிட்டார்.

காரில் ஏறினோம். பொட்டலம் மருமகன் மடியில். அமெரிக்கஸ் வருவதற்குள் பாதி காலி.

"எப்படிடா இருக்கு?"

"உப்பு கொஞ்சம் தூக்கல் மாமா. மத்தபடி அம்மா அவிக்கிற மல்லாட்டை மாதிரியேதான் இருக்கு."

கடலை என்று சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.