வெயிட்டேஜ் போட்டு மென்பொருள் தேர்ந்தெடுத்த அனுபவம்

அலுவலகத்துக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் வாங்கும் பொறுப்பு எங்கள் குழுவிடம் வந்தபோது, ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக நின்றேன்: நிறுவனங்களின் முதல் டெமோவுக்கு முன்பே வெயிட்டேஜை, அதாவது எந்த அம்சத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை, முடிவுசெய்து பூட்டிவிட வேண்டும். டெமோ பார்த்த பிறகு உட்கார்ந்தால், மனதுக்குப் பிடித்த நிறுவனம் எதில் கெட்டியோ அதற்கே எல்லோரும் புள்ளியைக் கூட்டுவார்கள்.

மொத்தம் 100 புள்ளி. கணக்குப் பிரிவு செலவுக்கு 40 கேட்டது. ஐடி ஆட்கள் மற்ற மென்பொருள்களோடு இணைவதற்கு 30 கேட்டார்கள். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்தாக வேண்டும் என்பதால்தான் உண்மையான தேவைகள் வெளியே வந்தன. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு செயல்பாடு 35, செலவு 25, இணைப்பு 15, ஆதரவு 15, பயன்படுத்த எளிமை 10 என்று நின்றது.

சிலவற்றுக்கு மதிப்பெண்ணே போடக் கூடாது. நம் தரவை முழுதாக வெளியே எடுக்க முடியுமா, யார் எதைத் திருத்தினார் என்ற பதிவு இருக்குமா? இல்லையென்றால் அந்த நிறுவனம் பட்டியலிலேயே வேண்டாம். இவற்றையும் கூட்டலில் சேர்த்தால், பெரிய ஓட்டையை மற்ற இடத்து நல்ல மதிப்பெண் மறைத்துவிடும். இந்த வடிகட்டலுக்குப் பிறகு மூன்று நிறுவனங்கள் மிஞ்சின; அவற்றை ‘அ’, ‘ஆ’, ‘இ’ என்று வைத்துக்கொள்வோம்.

டெமோவுக்கு எங்கள் கேள்விகளையே கொடுத்தோம்: மாத நடுவில் சேர்ந்தவரின் சம்பளம், முன்தேதியிட்ட உயர்வுக்கான நிலுவை. ஒவ்வொரு கேள்விக்கும், கேட்ட வசதி அப்படியே இருந்தால் 5, செட்டிங் மாற்றினால் வருமென்றால் 3, தனியாக நிரல் எழுத வேண்டுமென்றால் 1, வழியே இல்லை என்றால் 0. ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்ட பிறகுதான் பேசினோம்.

செலவுக்கு உரிமக் கட்டணம் மட்டும் போதாது. நிறுவுதல், பழைய தரவை மாற்றுதல், பயிற்சி, ஆண்டுப் பராமரிப்பு எல்லாம் சேர்த்து 5 ஆண்டுத் தொகை எடுத்தோம். குறைந்த தொகைக்கு 5. அதைவிட இரண்டரை மடங்கு கேட்டவருக்கு 2.

மதிப்பெண்ணை வெயிட்டேஜால் பெருக்கிக் கூட்டியதில் ‘ஆ’ 375, ‘அ’ 360, ‘இ’ 345. அத்தோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. செயல்பாட்டில் சராசரியாக ‘அ’ 5, ‘ஆ’ 4. செலவில் ‘அ’ 2, ‘ஆ’ 4. செலவிலிருந்து வெறும் 5 புள்ளியைச் செயல்பாட்டுக்கு மாற்றினால் இருவருமே 375. 10 மாற்றினால் ‘அ’ 390 என்று முன்னே போய்விடுகிறது! இவ்வளவு சின்ன மாற்றத்துக்கே வரிசை கவிழ்கிறது என்றால், 15 புள்ளி வித்தியாசத்தை மட்டும் காட்டி ஒருவரை வெற்றியாளர் என்று சொல்ல முடியாது.

சரி, கேள்வி சுருங்கியது: ‘அ’ கூடுதலாகச் செய்வது நமக்கு அவ்வளவு பணம் பெறுமா? இரண்டு மென்பொருள்களையும் ஏற்கெனவே பயன்படுத்துபவர்களிடம் பேசினோம். ‘அ’வின் கூடுதல் வசதிகளில் பெரும்பாலானவை பல நாடுகளில் ஊழியர் உள்ளவர்களுக்கானவை. எங்களுக்கு அந்தத் தேவை இல்லை.

‘ஆ’வைத் தேர்ந்தெடுத்தோம். ஆதரவில் அதற்கு 3தான் கிடைத்திருந்தது. அப்புறம் அந்த 3-க்கான காரணங்களை எடுத்து, சம்பள நாளில் பிழை வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தோம்.